மூன்றாவது மங்கல்

ஐப்பசி, வியாழன் இரவு

மதிப்பிற்குரிய நாட்குறிப்பே, வணக்கம். சில நாட்களாக உம்மிடம் வாராதிருந்தமைக்குப் பொறுத்தருள்க. என் விண்மீனைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அதன் ஒளி இருமுறை மங்கியது. ஆய்வுக் குழுவின் தொலைநோக்கி பதிந்து, என்னைப் போன்ற தன்னார்வலர்களுக்குக் கணினியில் அனுப்பும் ஒளி வரைபடத்தில் இருமுறையும் அதைக் கண்டு அக்குழுவுக்கு எழுதியவள் நான். குறுக்கே ஒரு கோள் செல்வதாக இருக்கலாம். மூன்றாம் முறையும் மங்கினால்தான் உறுதி செய்ய இயலும். தை மாதத்தில் அது நிகழ வேண்டும்.

இன்று மாலை அக்குழுவின் ஆய்வாளர், நான் தம்பி என்று விளிப்பவர், தொலைபேசியில் அழைத்தார். அரசு நிதியை நிறுத்திவிட்டதாம். மார்கழியோடு தொலைநோக்கியை மூடுகிறார்களாம்.

"இது தங்களுக்கு எப்போது தெரியும்?" என்றேன்.

"ஜூலையிலேயே தெரியுங்க அக்கா. சொன்னா நீங்கல்லாம் பாக்கறத வுட்டுடுவீங்களோன்னுதான்..."

கூலிக்கா பார்த்தேன்?

தறியில் இருந்தபடியே என் கணவர் சிரித்தார். "நம்ம தறிக்கே கவர்மெண்ட் காசு வர்ல, உன் கிரகத்துக்கு வந்துடுமா? பேஜார் பண்ணாம சோத்தப் போடு."

அச்சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை; தம்பி மறைத்ததுதான் வலித்தது. இவ்வூரில் தறியில் ஏற்ற அடுத்த பாவு நூல் இல்லையென்றால், தறியில் இருக்கும் பாவு தீருமுன்னரே முதலாளி வந்து சொல்லிவிடுவார். அதைக் கேட்டபின் கடைசிச் சேலையை எவரும் மட்டமாக நெய்ததில்லை. சேலையை அறுத்த பின்னும், என்றேனும் புதுப் பாவு வந்தால் பிணைப்பதற்காகப் பழைய இழை நுனிகளைத் தறியிலேயே விட்டுவைப்போம்.

நாளை ஆய்வாளருக்கு இதை மட்டும் எழுதி அனுப்புவேன்: தம்பி, தை மாதத்தில் அந்த விண்மீனை யார் பார்ப்பார்கள்? விரைந்து பதில் தரவும்.