பள்ளிக்கூடத்தில் சுட்ட நீலம்

நவம்பர் 4, செவ்வாய்
முழங்கால் வலி. மொச்சை அடுப்பில் இருக்கும்போதே ஷாஸ்லியின் அம்மா வந்து நின்றார். ஷாஸ்லி என் பழைய மாணவன், இப்போது நைலில் படகு ஓட்டுகிறான். போலீஸ் அவன் வீட்டைச் சோதனை போட்டதில் கோழிமுட்டை அளவு நீலக் கட்டி ஒன்று கிடைத்ததாம். பழங்காலக் கல்லறையில் திருடியது என்று பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"உங்க கிளாஸ்ல சுட்டதுன்னு கத்துறான் உஸ்தாத். வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லேன்னா வருஷக்கணக்குல உள்ளதான்."

சுட்டது உண்மை. இருபத்திரண்டு வருடம் முன்பு. மணல், சுண்ணாம்பு, செம்பு, கொஞ்சம் சோடா — குயவர் சூளையில் இரண்டு நாள். பாகு காய்ச்சுவது மாதிரிதான், சூடு தப்பினால் கறுத்துவிடும். பாரோக்களின் சுவரில் இருக்கும் நீலம் தோண்டி எடுத்ததல்ல, சமைத்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தான் செய்தேன். ஆளுக்கு ஒரு கட்டி. ஷாஸ்லிக்கும் கொடுத்தேனா? கொடுத்திருப்பேன்.

நவம்பர் 5
விசாரணை அலுவலகம். தொல்பொருள் ஆய்வாளர் மஹிதாப் என்ற பெண் கட்டியைச் சிவப்பு விளக்கில் வைத்து ஒரு கேமராவில் காட்டினார். பளீரென்று ஒளிர்ந்தது. எங்களுடையதும் இப்படித்தான் ஒளிரும் என்றேன். ஒரே செய்முறை, ஒரே நீலம்.

"அப்ப வெள்ளீயம்தான் சொல்லணும். அந்தக் காலத்து ஆளுங்க பழைய வெண்கலத்தைப் போடுவாங்க, அதுல வெள்ளீயம் இருக்கும். நீங்க என்ன போட்டீங்க?"

"மின்கம்பி. சுத்தச் செம்பு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா? சிரித்துக்கொண்டே வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 9
வெள்ளீயம் இருக்கிறது.

நவம்பர் 10
அப்படியானால் பழையது. அவன் திருடினானா? பக்கத்துப் பையனின் பென்சிலைக்கூடத் தொடாத பிள்ளை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் — என் கையெழுத்தே அவனைக் கட்டிப்போட்டுவிட்டது. "சாப்பிடுங்க, ரெண்டு தடவை சூடு பண்ணியாச்சு" என்கிறாள் மனைவி நஜாத். ஒன்றும் ஓடவில்லை.

நவம்பர் 12
அதே வகுப்பில் படித்த நெஸ்ஸீமைத் தேடிப் போனேன். குழாய் ரிப்பேர் செய்கிறான்.

"கம்பியா? அது எங்க அண்ணன் வருஷம் உஸ்தாத். எங்களுக்கு விரிசல் விட்ட ஸ்கூல் மணியைத்தானே அரத்தால ராவினீங்க. 'இனிமே பெல்லே கிடையாது, உக்காந்து படிங்கடா'ன்னு வேற சொன்னீங்க."

மணியா? எந்த மணி? நண்பனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறானோ?

நவம்பர் 13
பள்ளிக்கூடத்துச் சாமான் அறை. மூலையில் வெண்கல மணி. விளிம்பு ஒரு பக்கம் தட்டையாக ராவப்பட்டிருந்தது. அதில் கட்டிய அட்டையில், 'ஒன்பதாம் வகுப்பு, நீலச் சோதனைக்காக ராவியது' என்று வருடத்தோடு எழுதியிருந்தது. என் கையெழுத்து. சந்தேகமே இல்லை.

அட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. தினமும் கேட்ட அந்த மணியின் ஓசைகூட.

நவம்பர் 20
மணியின் உலோகமும் கட்டியில் இருந்ததும் ஒத்துப்போயின. ஷாஸ்லி வீடு திரும்பிவிட்டான்.

நவம்பர் 24, திங்கள்
அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போனோம், நஜாத்தும் நானும், ஷாஸ்லியின் படகில். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க உஸ்தாத். உள்ள வச்சதும் நீங்க, வெளிய எடுத்ததும் நீங்க. திட்டுறதா வாழ்த்துறதான்னு எங்கம்மாதான் குழம்பிப்போய்க் கிடக்கு."

மூளை நரம்பு டாக்டர் என்ன கேட்பார் என்று கேட்டேன்.

"தேதி, கிழமை, பேரப் புள்ளைங்க பேரு," என்றாள் நஜாத், என் கையை விடாமல்.

ஷாஸ்லி என்னைப் பார்க்காமல் படகைத் திருப்பினான். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க உஸ்தாத். எங்களுக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தீங்க."

அப்படிச் சொல்லிக் கொடுத்தேனா? நல்ல பாடம்தான்.