பூவரச மரத்தில் கப்பல் அன்னாசி

1951 ஜூன் 10, ஞாயிறு
மாதா கோயில் பூசை முடிந்து வந்து துணி துவைத்தேன். முற்றத்துப் பூவரச மரத்தில் அவர் கட்டிவிட்டுப் போன செடி இன்னொரு குட்டி விட்டிருக்கிறது. ராயபுரத்தில் இந்தச் சந்து முழுக்க அதற்குக் கப்பல் அன்னாசி என்றுதான் பெயர். அன்னாசிக்குச் சொந்தம்தானாம். வேர் மரத்தைப் பற்றிக்கொள்ள மட்டும். மரத்திலிருந்து எதையும் உறிஞ்சாது. குருத்துக்குள் மழைத் தண்ணீரைத் தேக்கி அதையே குடிக்கிறது.

என் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். டிரினிடாட் தீவில், வெட்டிச் சாய்த்த மரம் ஒன்றிலிருந்து உரித்துக் கொண்டுவந்தார். அங்கே மலேரியாக் கொசு இந்தச் செடித் தண்ணீரில்தான் வளருமாம். மயில்துத்தம் கரைத்து அடித்துத் தோட்டம் தோட்டமாக அழிக்கிறார்களாம். "ஒண்ணாவது பொழைக்கட்டுமேன்னு எடுத்தாந்தேன், சிலுவை" என்று என்னிடம் சொன்னார்.

ஜூன் 24
மகன் லியோனார்டுக்குக் குளிர் நடுக்கம். இரண்டு போர்வை போட்டும் நிற்கவில்லை.

ஜூன் 26
ஆஸ்பத்திரியில் மலேரியா என்றார்கள். கொய்னா மாத்திரை. கசப்பு தாங்காமல் பிள்ளை துப்புகிறான்.

பக்கத்து வீட்டு அங்கம்மாவின் மகள் நீலாவுக்கும் அதே காய்ச்சல். அங்கம்மா மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே மரத்தடிக்கு வந்தாள்.

"டீச்சரம்மா, இதுல தண்ணி தேங்கிகினு கீது. புழு நெளியுது பாரு. புடுங்கிக் கடாசு."

அந்தத் தீவில் இந்தச் செடியால்தான் மலேரியா என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே. நானே வீட்டில் வளர்த்தேனா? என் பிள்ளைக்கு நானே—

ஜூன் 27
மண்ணெண்ணெய் பாட்டிலோடு நின்றேன். குருத்துக்குள் ஒரு சின்னத் தவளை, கண் மட்டும் வெளியே. ஊற்றவில்லை. மலேரியா ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அழிப்பதென்றால் தெரிந்து அழிப்போம்.

ஜூலை 2
மலேரியா ஆபீசிலிருந்து ஜஹாங்கீர் வந்தார். செடித் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்தார். புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. இது மலேரியாக் கொசு இல்லை என்றார். பிறகு எங்கள் பொதுக் கிணற்றில் வாளி விட்டார். அதில் புழுக்கள் நீரின் மேலேயே துரும்பு போலப் படுத்துக் கிடந்தன. அதுதான் மலேரியாக் கொசு என்றார்.

"செடி வந்துச்சும்மா. அந்த ஊர்க் கொசு கூட வரல" என்றார்.

கிணற்றை மூடிக் கைப்பம்பு வைக்க வேண்டும், எல்லா வீட்டாரும் சம்மதிக்க வேண்டும் என்று சொல்லிப் போனார்.

ஜூலை 3
யாரும் சம்மதிக்கவில்லை. பம்பு ரிப்பேரானால் தண்ணீருக்கு எங்கே போவது என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அங்கம்மாதான் உடைத்துச் சொன்னாள்: "உன் செடி மட்டும் சோக்கா இருக்கணும். எங்க கெணத்த மூடணுமா?"

நீலா எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடக்கிறாள்.

ஜூலை 5
கிணற்றடிக்குப் போய், செடியை நானே எடுத்துவிடுகிறேன், நீங்கள் மூடிக்குச் சம்மதியுங்கள் என்றேன். அங்கம்மா சரி என்றாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அரிவாளால் வேரை அறுத்தேன். குட்டிகளையும் விடவில்லை. ஒன்றை ஒளித்துவைத்தால் என் பேச்சுக்கு அப்புறம் என்ன மதிப்பு? தவளை சுவரேறிப் போயிற்று. எல்லாவற்றையும் குவித்து எரித்தேன். ஈரம். புகைந்துகொண்டே இருந்தது.

ஒரு குற்றமும் செய்யாத செடி.

ஜூலை 20
கிணற்றுக்கு மூடி போட்டுக் கைப்பம்பும் வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 13
லியோனார்ட் தேறிவிட்டான். நீலா இன்று வகுப்புக்கு வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

செப்டம்பர் 30
இவர் வந்துவிட்டார். பெட்டியை வைத்ததும் மரத்தடிக்குத்தான் போனார். எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். மரப்பட்டையில் வேர் பிடித்திருந்த தடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

இந்த முறையும் கப்பல் டிரினிடாட்டில் நின்றதாம். இன்னொன்று கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன்.

"இல்ல சிலுவை. மலை மேல மருந்து அடிக்காத காடு கொஞ்சம் கீது. அங்க மரத்துக்கு மரம் இதான், பூவும் தவளையுமா. ஒண்ண எடுக்கலாம்னு கை வெச்சேன். அப்புறம் வுட்டுட்டு வந்துட்டேன்."

மத்தியானம் வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தேன். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.