காய்ச்சல் இல்லாத லீவு லெட்டர்

மஸ்கட்

அன்புள்ள பொன்செல்விக்கு,

நீயும் மகள் இசக்கியும் சுகம்தானே? குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டதா? போனில் சொன்னால் பதறுவாய் என்று, லீவில் ஊருக்கு வரும், என்னோடு வேலை பார்க்கும் செங்கோட்டைக்காரன் சாம் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் கோவில் ஆடிக்கொடைத் திருவிழாவுக்கு வர லீவு கேட்டு, இங்கிலீஷில் நானே எழுதினேன். நம் பள்ளிக்கூடத்தில் எதற்கு லீவு கேட்டாலும் காய்ச்சல் என்றுதானே தொடங்குவோம்? கை பழக்கத்தில் அப்படியே எழுதிவிட்டது. கொடை மூன்றாவது வரியில்தான் வந்தது. மேனேஜர் முதல் வரியோடு நிறுத்தி, என்னைக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார்.

“மொத வரிக்கு மேல எவன்லே வாசிக்கான்?” என்று சாம் சிரித்தான்.

இனி மறுபடி எழுத வேண்டும். ‘லுக் ஃபார்வர்டு டு’, ‘டேக் கேர் ஆஃப்’ இவற்றையெல்லாம் எங்கே, எப்படிப் போடுவது என்று இசக்கியை ஒரு தாளில் எழுதித் தரச் சொல். டைப் அடிக்க வேண்டாம், அவள் கையெழுத்தே போதும்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. வெறும் அசதி என்று டாக்டர் இரண்டு நாள் ஓய்வு கொடுத்திருக்கிறார். வயதானவர், நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். இங்கே வந்த பதினான்கு மாதத்தில் என்னை ஒருவர் தொட்டது அன்றுதான்.

வண்டி வந்துவிட்டது, சாம் கூப்பிடுகிறான்.

சங்கிலிப்பாண்டி