ஒரு சீட்டுக்கு மூன்று அடி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடு நலம், நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக அப்பாதான் எழுதுவார், இந்த முறை என் கோழிக் கிறுக்கலைப் பார்த்துப் பயந்துவிடாதே. அவருடைய வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருக்கிறது. உடைத்தது நான்தான். வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போய்ச் சேர்ந்த உன் அக்கா பெயரில் கோள் அறிவியல் படிக்கிற பிள்ளைக்கு வருஷா வருஷம் கொடுக்கும் பரிசு நின்றுபோகும் நிலைமை என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது உனக்குத் தெரியும். வட்டி போதவில்லை, மாதக் கடைசிக்குள் முதல் தொகையைக் கூட்டாவிட்டால் மூடிவிடுவோம் என்றார்கள். நின்னா நிக்கட்டும்மா, எத்தனை வருஷம் புண்ணைக் கீறிக்கிட்டே இருப்பீங்க என்று நீ கேட்டாய். அன்று எனக்கு உன்னை அறைய வேண்டும்போல இருந்தது, தூரத்தில் இருந்ததால் பிழைத்தாய். அப்பா என்ன செய்தார் தெரியுமா? வண்டி உடைக்கிற நம் பட்டறையின் பின்பக்கம், தார்ப்பாய்க்குள் ஐந்து வருஷமாகக் கிடந்த ஒரு காரை இழுத்துவந்து நடுவில் நிறுத்தினார். ஒரு சீட்டுக்கு மூன்று அடி, காசு கொடுத்தவர் காரை அடித்து நொறுக்கலாம், சம்மட்டி நம்முடையது, வசூல் பரிசுக்கு என்றார். பானெட்டில் நசுங்கியிருந்த ஒரு பள்ளத்தைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்டு, இங்கே மட்டும் யாரும் அடிக்கக் கூடாது என்றார். ஏன் என்று கேட்டதற்கு முறைத்தார். அக்காவின் பேராசிரியர் காரைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். போணி ஆகட்டும் என்று முதல் சீட்டை நான் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முதலாளி மேல் கோபம், மாமியார் மேல் கோபம், எல்லாம் அந்தக் கார் மேல் இறங்கியது. பல் டாக்டர் ஹெட்லைட் இரண்டையும் சிதறடித்தார். எதிர்வீட்டு டீச்சர், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள், கதவையே பெயர்த்துவிட்டு இன்னொரு சீட்டு கேட்டாள். என் தலையெல்லாம் கண்ணாடித் தூள். அப்போதுதான் வரிசையில் ஒரு பிடரியைப் பார்த்தேன். வழக்கு நடந்த இரண்டு வருஷமும் பின்பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டே இருந்த பிடரி. அக்காவை இடித்துக் கொன்றுவிட்டு அபராதம் கட்டிவிட்டுப் போனவன். தன் காரைப் படத்தில் அடையாளம் கண்டு வந்திருக்கிறான். அது எந்தக் கார், அந்தப் பள்ளம் யார் விழுந்த பள்ளம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏலத்தில் எடுத்துவந்து என்னிடம்கூட மூச்சு விடாமல் வைத்திருந்திருக்கிறார் மனுஷன்.

அவன் சம்மட்டியை ஓங்கினான், பிறகு கீழே போட்டுவிட்டு அந்த வட்டத்துக்குள் கையை வைத்து அழ ஆரம்பித்தான். அவ்வளவுதான், அப்பா பாய்ந்தார். முதல் குத்தில் மூக்கு உடைந்தது. தலைமயிரைப் பிடித்துக் கதவு விளிம்பில் மோதினார், மறுபடியும் மோதினார், அவன் சட்டையெல்லாம் ரத்தம், பல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. அவன் தடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. பொய் சொல்வானேன், எனக்கும் அந்தச் சத்தம் இனித்தது. ஆனால் அப்பா சம்மட்டியை எடுத்து அவன் மண்டைக்கு மேலே ஓங்கியபோது, இனி பரிசு மேடையில் அக்கா பெயரைப் படித்தால் எல்லோருக்கும் இந்தக் கொலைதான் ஞாபகம் வரும் என்று தோன்றியது. சக்கரம் கழற்றும் ஸ்பானர் கையில் கிடைத்தது. ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் நான் ஊட்டப்போனால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். நாலாம் நாள், அவ கடைசியா தொட்டது அந்தத் தகரத்தைத்தான்டி, அதுல அவன் கையை வைக்கிறான் என்றார். நாங்கள் இருவரும் வாய்விட்டு அழுதோம். அவன் போலீஸிடம் தானே தடுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டானாம், அதற்காக நான் அவனை மன்னித்துவிடவில்லை. அவன் போட்ட நோட்டை எடுத்து எறியலாம் என்று வசூல் பெட்டியைத் திறந்தேன், எது அவனுடையது என்று தெரியவில்லை, எல்லாம் கலந்துவிட்டது. மறுநாள் கல்லூரிப் பிள்ளைகள் வந்து சீட்டு வாங்கி, பாதியில் நின்ற வரிசையை முடித்துவைத்தார்கள். பரிசு நிற்காது. இந்த வருஷம் வாங்கப்போகிற பெண் நிலாவின் பள்ளங்களைப் படிக்கிறாளாம், நம்மவளைப் போலவே வீட்டில் பள்ளம் எப்படி விழுகிறது என்று பார்க்க மாவுத் தட்டில் இரும்புக் குண்டைப் போட்டு அம்மாவிடம் உதை வாங்குகிறாளாம்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மருமகளிடம் கோபத்தில் கையை ஓங்காதே, அந்தக் குணம் உனக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்று நீ வரவில்லை, விமானம் கிடைக்கவில்லை என்றாய், அதற்குமேல் நான் கேட்கவில்லை. பரிசு கொடுக்கிற நாளுக்காவது வா. அதுவரை காரை அறுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். என் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், ஓரடி உன் அப்பா கையில் போயிற்று, இரண்டு பாக்கி. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா