கிரகணத்துக்கு நேரம் கேட்டவர்

ஏப்ரல் 3, புதன்

காலையில் மேகம். நாளைக்குப் பனி கொட்டுமாம், ஏப்ரலில்! வாங்க வேண்டியது: கத்தரிக்காய், தயிர், இவருடைய பிரஷர் மாத்திரை.

நான் வேலை செய்கிற குழந்தைகள் காப்பகத்தில், கார்டெரியில், நாள் முழுக்கக் கிரகணப் பேச்சு. திங்கள் மத்தியானம் குழந்தைகளை வெளியே விடுவதில்லையாம். எனக்கு லீவு. கிரகணக் கண்ணாடி இரண்டு கொடுத்தார்கள்.

வீட்டில் இவருக்கு வேறு கவலை. விரதம் பிடிக்க நேரம் தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்த பஞ்சாங்கத்தில் இந்தக் கிரகணத்துக்கு ஒரே வரி. இலங்கையில் தோன்றாது. முடிந்தது கதை. எப்போது பிடிக்கும், எப்போது விடும், ஒன்றும் இல்லை. உலகத்து விஞ்ஞானம் எல்லாம் இதற்குள் அடக்கம் என்று சொல்லித் திரிந்த மனிதரை அது இந்தப் பனி நாட்டு லவாலில் அம்போ என்று விட்டுவிட்டது. சிரிப்பு வந்தது. தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

ஏப்ரல் 4, வியாழன்

சொன்னபடி பனி. ஈரப்பனி, சவளால் அள்ளித் தள்ளவே முடியவில்லை. கரண்டும் இல்லை. இவர் ஜன்னலடியில் பஞ்சாங்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். பார்த்தால் வந்துவிடுமா?

நேரம் சொல்ல ஆள் இருக்கிறது, என் வயிற்றில் பிறந்ததுதான். கார்த்திகா யூனிவர்சிற்றியில் வானியல் படிக்கிறாள். ஆனால் தைப்பொங்கலில் இருந்து அப்பாவும் மகளும் பேசுவதில்லை.

அன்றைக்கு இவர் வந்தவர்களுக்குப் பெரிய விளக்கம். ராகு சூரியனை விழுங்குகிற கதை கதையே இல்லையாம், விஞ்ஞானமாம். அத்தாட்சி: கிரகண நேரம் உலக்கை தானாக நிற்கும், ஈர்ப்பு விசை. கார்த்திகா எழும்பிப் போய் உலக்கையை எடுத்து வந்து ஹோலின் நடுவில் நிறுத்தினாள். நின்றது. ஒருவர் கேட்டார், இன்றைக்கும் கிரகணமோ என்று. எல்லோரும் சிரித்தார்கள். இவர் பொங்கலைத் தொடவில்லை. அவள் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

அதன்பிறகு எல்லாம் என் வழியாகத்தான். அப்பா மாத்திரை போட்டவரோ? அவள் சப்பாத்து நல்லதாக வாங்கினவளோ? இரண்டும் ஒரே அச்சு. இரண்டு பேரிலும் எனக்குக் கோபம் வருகிறது, ஒருவரிலும் நிலைக்கவில்லை.

ஏப்ரல் 6, சனி

கரண்ட் வந்தது. பிரிட்ஜ் துடைத்தேன். பால் பழுது.

கோயில். இவர் ஐயரிடம் நேரம் கேட்டார். ஐயர் தன் பஞ்சாங்கமும் அதே கதைதான் என்றார். பிறகு மெல்லமாக, "உங்கடை மகளைக் கேட்டுச் சொல்லுங்கோவன் அண்ணை. நானும் அதுக்கேத்த மாதிரி நடை சாத்தலாம்."

காரில் திரும்பி வரும்போது, பாலம் தாண்டியதும் என்னைக் கேட்கச் சொன்னார். நான் தபால்காரி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நல்ல வெயில். உடுப்புத் தோய்த்தேன்.

இவர் போனை எடுத்தார், வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். திரும்ப எடுத்தார். நான் வெங்காயம் உரித்தபடி காதை அங்கே வைத்திருந்தேன்.

"பிள்ளை, நாளைக்குக் கிரகணம் எத்தினை மணிக்குப் பிடிக்கும்?"

எங்கே நின்று பார்க்கப்போகிறீர்கள் என்று கேட்டாளாம். பார்ப்பதற்கில்லை, விரதத்துக்கு என்றார். அவள் சிரிக்கவில்லை. பிடிக்கிற நேரம், விடுகிற நேரம் எல்லாம் ஆறுதலாகச் சொன்னாள், இவர் எழுதினார். லவாலில் சரியாக இருட்டாதாம். ஆற்றுக்குத் தெற்கே ஒரு பார்க்கில் அவள் சனங்களுக்கு விளக்கம் சொல்லப்போகிறாளாம். வரச்சொன்னாள்.

"பாப்பம்" என்று வைத்தார். உடனே ஐயருக்கு அடித்தார். "ஓம் ஐயா, என்ரை மகள்தான் கணக்குப் பார்த்துச் சொன்னவள்." குரலில் என்ன பெருமை!

ஏப்ரல் 8, திங்கள்

ஒரு பொட்டு முகில் இல்லை. இவர் காலையோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பத்து மணிக்குத் தானாகவே கார்த் திறப்பை எடுத்தார்.

பார்க்கில் திருவிழாச் சனம். கார்த்திகா பிரெஞ்சில் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் ஒரு கணம் தடுமாறினாள், பிறகு தொடர்ந்தாள். இவர் கிரகணக் கண்ணாடியைப் போட்டும் நிலத்தைத்தான் பார்த்தார். பிறந்ததிலிருந்து கிரகணத்தைப் பார்க்காதே என்று கேட்டே வளர்ந்தவர்.

சூரியன் மெலிந்தது. குளிர் வந்தது. சட்டென்று இருட்டு. அவள் ஓடி வந்து இவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, இப்ப கண்ணாடியைக் கழட்டுங்கோ. இப்ப வெறுங்கண்ணாலை பாக்கலாம்."

கழற்றினார். அவள் சொன்னதால் கழற்றினார். சிவசிவா என்றார், வேறொன்றும் இல்லை. அவள் அழுதாள். எனக்கும் கண் நிரம்பி, பாதிதான் பார்த்தேன்.

எங்களோடு காரில் வந்தாள். வழி முழுக்க நெரிசல். வீட்டுக்கு வந்து இவர் முழுகினார், நான் முழுகிப் புட்டு அவித்தேன். அவள் அப்படியே மேசையில் வந்து இருந்தாள். கிரகணம் விட்டபிறகு எல்லோரும் முழுகினால்தான் இவருக்குச் சாப்பாடு இறங்கும். வாயால் சொல்லமாட்டார், நின்றுகொண்டே இருந்தார். அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஏன் அப்பா முழுக வேணும்?"

நான் கோப்பையை வைத்துவிட்டேன். இனிக் கதிர்வீச்சு, கிருமி என்று இவர் தொடங்குவார், பொங்கல் இரண்டாம் பாகம். இவர் கதிரையின் முதுகைப் பிடித்தபடி யோசித்தார்.

"என்ரை அப்பா முழுகினவர். அதுதான்."

அவள் இவரையே பார்த்தாள்.

"பொங்கலண்டைக்கும் இப்பிடிச் சொல்லியிருக்கலாமே அப்பா. நான் ஒண்டும் கேட்டிருக்கமாட்டன்."

எழும்பி முழுகப் போனாள். இவர் அலுமாரியில் இருந்து புதுத் துவாயை எடுத்துக் குளியலறைக் கதவில் கொளுவிவிட்டு வந்து இருந்தார். நீளத் தலைமயிர், நேரம் எடுக்கும். இரண்டு பேரும் சாப்பிடாமல் காத்திருந்தோம். புட்டு ஆறிப்போனது.