விலைவாசியும் வீட்டுக்காரரும்

19 ஜூன் 2009, வெள்ளி

பணவீக்கம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட்டதாம். பேப்பரில் போட்டிருக்கிறான். திருமுல்கேரி மார்க்கெட்டில் பருப்பு விற்கிறவரிடம் யாராவது இதைச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இன்று காலேஜில் இரண்டாம் ஆண்டு பொருளாதார வகுப்பில் அந்த வளைகோட்டை வரைந்தேன். வேலையின்மை கூடினால் விலைவாசி தணியும். போர்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. அமெரிக்காவில் யாரோ வீட்டுக் கடன் கட்டாததற்கு மாதாப்பூர் ஐ.டி. கம்பெனியில் என் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரனுக்கு வேலை போய் ஆறு மாதம். பருப்பு இறங்குகிற பாடில்லை.

2 ஜூலை

ஜெகதீஸ்வரன் இன்று ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போய் வந்தார். பழைய சம்பளத்தில் பாதி போதும் என்று அவரே சொன்னாராம். "மார்க்கெட் சரியானதும் ஓடிப் போயிடுவீங்க சார்" என்று சிரித்தாளாம் அந்த எச்.ஆர். பெண். கூலி குறைந்தால் வேலை கிடைக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. குறைத்துக் கேட்டால் சந்தேகப்படுவார்கள் என்று எந்த அத்தியாயத்திலும் இல்லை.

18 ஆகஸ்ட்

மழை இல்லை. துவரம் பருப்பு மறுபடி ஏற்றம். ஊரில் வேலை போனவர்கள் கூடினால் விலை இறங்குமாம். அதற்காக மழையா வந்துவிடும்?

24 செப்டம்பர்

கத்திவிட்டேன். பழைய சிநேகிதர்கள் நாலு பேருக்கு ஃபோன் பண்ணச் சொன்னால் என்ன கஷ்டம் இவருக்கு?

"நக்கோ, வேணாம். எல்லாரும் அதே கேள்விதான் கேக்கறான், இத்தனை நாள் என்ன பண்ணினேன்னு. சும்மா இருந்தேன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

சும்மா இருப்பதால் வேலை தர மாட்டார்கள் — தராததால் சும்மா இருக்கிறார். எனக்கு பயமா இருக்கு. வேலை கிடைக்காதோன்னு இல்ல, இந்த மனுஷன் தேடறதையே விட்டுடுவாரோன்னு.

30 நவம்பர்

கம்பெனிகளில் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம். இப்போதுதான் படித்து முடித்த பிள்ளைகளை. இவருக்கு அழைப்பு இல்லை. காலையில் கீரை ஆய்ந்து வைத்திருந்தார், நன்றாகவே.

23 ஜனவரி 2010, சனி

வேலைவாய்ப்பு சர்வே என்று அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். இவர்தான் டீ போட்டுக் கொடுத்தார். என்னைப் பற்றி எழுதி முடித்துவிட்டு அவர் தெலுங்கில் இவரைக் கேட்டார், வேலையில் இருக்கிறீர்களா என்று. இல்லை. தேடுகிறீர்களா?

தேடறேன்னு சொல்லுங்க. சொல்லுங்களேன். மனதுக்குள் நான்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல, தேடறதில்ல" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வேலை தேடியும் கிடைக்காதவரே வேலையில்லாதவர். வருஷா வருஷம் நான் சொல்லிக்கொடுக்கிற வரையறைதான். தேடுவதை விட்டவர் அதில் வரமாட்டார்.

இன்று முதல் எங்கள் வீட்டில் வேலையில்லாதவர் யாரும் இல்லை.