திரும்பி வந்த படங்கள்

மார்ச் 4, திங்கள்
இன்றும் ஏழு படங்கள் திரும்பி வந்தன. பழைய மருத்துவ இதழ்களைக் கேமராவுக்குக் கீழே விரித்து நான் படமெடுக்க வேண்டும். அச்செழுத்துகளைக் கணினி படித்துக்கொள்ளும். பக்கத்தை அழுத்திப் பிடிக்கும் விரல் எழுத்தை மறைத்தால் படம் செல்லாது. சரிபார்க்கும் அக்கா பிடிபிடியென்று பிடித்தார். "புத்தகத்தப் படம் எடுக்கச் சொன்னா கையைப் படம் எடுத்துட்டு வர. கைக்கென்ன, பொண்ணு பாக்க வராங்களா?"

சிரித்துவைத்தேன். கட்டைவிரல் மடங்க மாட்டேன் என்கிறது. சனிக்கிழமை என் வீட்டுக்காரர் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது.

மார்ச் 7, வியாழன்
சட்டையில் சுருக்கமாம். இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி என் புறங்கையில் வைத்து அழுத்தினார். தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு அவரே மருந்து போட்டு, "ஏன்தான் என் கோபத்தைக் கிளப்புறியோ" என்றார். பாவம், அவருக்குத்தான் எவ்வளவு கஷ்டம்.

மார்ச் 8, வெள்ளி
பதினொரு படங்கள். அக்கா திட்டவில்லை.

மார்ச் 12, செவ்வாய்
காலையில் முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் மோதினான். மூன்று முறை. கீழே விழுந்த முன்பல்லைக் காலால் அலமாரிக்கு அடியில் தள்ளினான். இனி என்ன 'அவர்' வேண்டிக்கிடக்கு.

காவல் நிலையத்துக்கு எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தான். "படியில விழுந்துட்டா சார். தலைசுத்தல் உண்டு." அதிகாரி என்னிடம், "அடிச்சதுக்கு என்னம்மா சாட்சி?" என்றார். வாய் நிறைய ரத்தம், என்ன பேச?

வீட்டுக்குப் போனால் கொன்றுவிடுவான். சத்தியமாகக் கொன்றுவிடுவான். அலுவலகத்துக்கு ஓடினேன். அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

மார்ச் 13, புதன்
அக்கா கணினியில் திறந்து காட்டினார். திரும்பி வந்த என் படங்கள். அழித்துவிட வேண்டும் என்பது விதி. காயம் தெரிந்தவற்றை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறார். அறுபத்து மூன்று. நசுங்கிய நகம், இஸ்திரிப் புண், மணிக்கட்டில் அவன் விரல் பதிந்த தடம். ஒவ்வொன்றிலும் நாள், நேரம்.

"நவம்பர்லயே தெரியும். கேட்டா வேலைய விட்டு ஓடிருவியோன்னு பயந்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பிறகு அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நிலையத்தில் அக்காதான் பேசினார். "நாலு மாசமா படியில விழுந்துட்டே இருப்பாளா சார்?" அதிகாரி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். புகாரை எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 18, வியாழன்
நீதிமன்ற உத்தரவு கைக்கு வந்தது. அச்சடித்த இரண்டு பக்கம். வேலை தொடங்குமுன் கேமராவுக்குக் கீழே வைத்தேன். கணினி பிழையில்லாமல் படித்தது: 'மனுதாரரின் வீட்டுக்கோ பணியிடத்துக்கோ கணவர் வரக் கூடாது.' ஓரத்தில் என் கட்டைவிரல். நகம் பாதி முளைத்திருக்கிறது.

அக்கா எட்டிப் பார்த்தார். "கை தெரியுதுடி."

"தெரியட்டும்கா" என்றேன்.